துரைமார் போன பிறகு பிறந்த இசை

கேள்வி: சென்ற இதழில், அறுபது எழுபதுகளின் ராக் பாடல்கள் உங்கள் இளமையை எப்படி நிறைத்தன என்று பக்கம் பக்கமாக உருகியிருந்தீர்கள். எங்கள் கொடைக்கானலில் வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். போதையில் போடும் கூச்சல். பாதி வார்த்தை யாருக்கும் புரியாது. இளையராஜாவைத் தந்த மண்ணில் இருந்துகொண்டு இதையெல்லாம் எழுதித் தமிழ் வாசகனுக்கு என்ன ஆகப்போகிறது?
— வாசகர், செண்பகனூர்

பதில்: உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் நியாயமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் காலக் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம்.

கொடைக்கானலில் துரைமார் கிளப் வைத்து ஆடிப் பாடிய காலத்தில் ராக் என்றொரு இசையே கிடையாது. 1947-ல் அவர்கள் ஆட்சி முடிந்துவிட்டது. ராக் இசையின் முன்னோடிகளில் ஒருவரான சக் பெரியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1955-ல். அந்த சக் பெரி கறுப்பர். அவருக்கு முன்னால் இந்த இசைக்கு வித்திட்டவர்களும் கறுப்பர்கள்தான். மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் ஒரு பருத்திப் பண்ணையில் கூலிவேலை செய்தவர், டிராக்டர் ஓட்டியவர். 1943-ல் பிழைப்புத் தேடி சிகாகோவுக்குப் போனார். அங்கே மதுக்கடைகளின் இரைச்சலில் மரக் கிட்டாரின் சத்தம் எடுபடவில்லை என்றுதான் மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்தார். 1950-ல் அவர் பாடிய பாட்டொன்றின் பெயரைத்தான் பிரிட்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழு தனக்குச் சூட்டிக்கொண்டது. பிரிட்டனின் பெரிய மனிதர்கள் இந்த இசையை மடியில் வைத்துக் கொஞ்சவும் இல்லை. 1967-ல் பீட்டில்ஸ் குழுவின் பாட்டொன்றில் போதை வாடை அடிக்கிறது என்று சொல்லி பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது. உங்கள் கடிதத்தில் உள்ள வரிகளைச் சொந்தப் பிள்ளைகளிடம் சொன்ன பெற்றோர் லண்டனிலும் இருந்தார்கள்.

எனக்கு இந்த இசையைக் காட்டிக்கொடுத்தவர் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஓர் அண்ணன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். விடுதிப் பிள்ளைகள் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வேண்டாமென்று போட்டுவிட்டுப் போகிற கேசட்டுகள், அங்கே சமையற்கட்டில் வேலைபார்த்த என் அப்பா வழியாக எங்கள் வீட்டுக்கு வரும். மலையின் ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அண்ணன் அதை பல்புச் சூட்டில் காயவைப்பார். டேப் ரெக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். அறுந்த இடத்தை ஒட்டி, பென்சிலை விட்டுச் சுற்றி, ஓடவைத்துவிடுவார். பாதிக் கேசட்டுகளில் பெயர்ச்சீட்டே இருக்காது. யார் பாடுகிறார்கள், எந்த நாடு, என்ன நிறம், ஒன்றும் தெரியாமல்தான் கேட்டோம். தெரியாமல் கேட்டதால்தான் காதை மட்டும் நம்பிக் கேட்டோம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாரல் பிடித்த ஒரு மாலையில் அப்படிப் பெயரில்லாத கேசட் ஒன்று ஓடியது. எடுத்த எடுப்பிலேயே வெறும் டிரம்ஸ். கனமான, நிதானமான அடி. அண்ணன் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். “தம்பி, அடிக்கிறவன் அவசரமே படல பாரு. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல எவ்வளவு எடம் விடுறான்!” என்றார். அவ்வளவு துல்லியமான இசை விமர்சனத்தை அதற்குப் பிறகு நான் அச்சில் படித்ததில்லை.

அது லெட் செப்பலின் குழு 1971-ல் வெளியிட்ட ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அடித்தவர் ஜான் பொன்ஹாம். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் பதிவு செய்தார்கள். ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதி அது. மாடிப்படிக் கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்துவிட்டு, மேலே மாடியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். டிரம்ஸ் பக்கத்திலேயே மைக் வைக்கிற வழக்கத்தை விட்டதால், அடியோடு சேர்ந்து அந்தக் கூடமே முழங்கியது. திருவிழா ஊர்வலத்தில் தீயில் காய்ச்சிய தப்பை நம் ஆட்கள் மலைரோட்டு வளைவில் நின்று அடிக்கும்போது எதிர்ச்சரிவு அந்த அடியை வாங்கித் திருப்பித் தருமே, அதே விஷயம்தான். மூஞ்சிக்கல் அண்ணனின் காது அதைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

கூச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கனத்த ஓசை எங்கிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள். பர்மிங்காமில் இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலைபார்த்த டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையனுக்கு, வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் வலது கை எந்திரத்தில் சிக்கியது. நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடக்கைக்காரர், கிட்டாரின் தந்தியை அழுத்துவது வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், அதன்மேல் தோல் ஒட்டினார். தந்தி குத்தக்கூடாதென்று மெல்லிய தந்திகளைக் கட்டினார். பிறகு சுருதியையே இறக்கித் தந்தியைத் தளர்த்திக்கொண்டார். சுருதி இறங்கியதும் ஓசை இருண்டு கனத்தது. 1970-ல் முதல் தொகுப்பை வெளியிட்ட பிளாக் சபாத் குழுவின் கிட்டார்க்காரர் அவர்தான். ஹெவி மெட்டல் என்று பின்னால் பெயர்பெற்ற அந்த ஓசை முழுவதற்கும் ஒரு தொழிலாளியின் அறுந்த விரல்கள் காரணம். ரம்ப மில்லில் விரலைக் கொடுத்தவர்கள் நம் மலையிலும் உண்டு. அந்த ஓசையை அவர்கள் பக்கத்திலிருந்து கேட்டுப் பாருங்கள்.

வார்த்தை புரியாது என்ற புகாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. தியாகராசரின் கீர்த்தனையைத் தெலுங்கு தெரியாமல் மூன்று தலைமுறையாகக் கண்மூடிக் கேட்கிறோம். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 1973-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ இருக்கிறதே, அதில் கிளேர் டோரி என்ற பெண் ஒரு வார்த்தைகூட இல்லாமல் சாவைப் பாடியிருக்கிறார். அன்று அவருக்குக் கிடைத்த கூலி முப்பது பவுண்டு. இசையமைத்ததில் தனக்கும் பங்குண்டு என்று வழக்குப் போட்டு, 2005-ல்தான் அவர் பெயர் பாட்டில் ஏறியது. அதே தொகுப்பில் பணத்தைப் பற்றிய ‘மணி’ என்ற பாட்டைத் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். ஏழு எண்ணிக்கை. மிஸ்ர நடைக்குப் பழகிய நம் காது அங்கே தடுமாறவே தடுமாறாது. தொடக்கத்தில் கேட்கும் சில்லறை, கல்லாப்பெட்டி ஓசைகள்கூட, நாடாவை அளவுகோல் வைத்து ஏழு துண்டாக வெட்டி ஒட்டியவை. நடுவில் தனி கிட்டார் வரும்போது தாளம் நாலுக்கு மாறும், முடிந்ததும் மறுபடி ஏழு. இவ்வளவு கணக்கு பார்த்துச் செய்ததை வெறும் கூச்சல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் நியாயம். வட்டக்கானல் பக்கம் போதைக் காளான் தேடி வருகிற இளைஞர்களில் பலரின் பனியனில் இந்தத் தொகுப்பின் அட்டைப்படம்தான் இருக்கிறது: முப்பட்டகம், அதிலிருந்து பிரியும் வண்ணங்கள். உங்கள் கோபம் அங்கிருந்து வருகிறதென்று புரிகிறது. நம் மலையை அவர்கள் அப்படிப் பயன்படுத்துவதில் உங்களைவிட எனக்குக் கோபம் குறைவில்லை. ராக் கிட்டார்க்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் 1970-ல் அடுத்தடுத்த மாதங்களில் போதையால் போனார்கள், இருவருக்கும் 27 வயது. பொன்ஹாம் 1980-ல் குடியால் போனார். இதில் எதையும் நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிற பிள்ளை பிங்க் ஃபிளாய்டின் அடுத்த தொகுப்பைக் கேட்டிருக்கிறதா?

பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் சிட் பாரெட். பாட்டுகளை எழுதியவர், பாடியவர். எல்.எஸ்.டி. என்ற போதைமருந்துப் பழக்கத்தோடு மனமும் குலைந்து 1968-ல் குழுவை விட்டு விலகினார். ஏழு வருடம் கழித்து, 1975 ஜூனில், அந்த அடுத்த தொகுப்புக்காக, அவரை நினைத்தே எழுதிய ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ என்ற பாட்டைக் குழுவின் நண்பர்கள் ஸ்டூடியோவில் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலையும் புருவமும் மழித்த, உடல் பெருத்த ஒரு மனிதர் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். யாரோ என்று இருந்துவிட்டார்கள். சிட் என்று தெரிந்தபோது கண்கலங்கிப் போனார்கள். அந்தப் பாட்டு, குழுவைச் சேர்ந்த டேவிட் கில்மோரின் கிட்டாரில் நான்கே சுரங்களில் எழும். போதை ஒரு நண்பனை என்ன செய்துவிட்டது என்று அந்த நண்பர்களே அழுத அழுகை அது. காளான் விற்கிறவனுக்கு எதிராக நீங்களும் நானும் எழுதக்கூடிய எதையும்விட அதில் வலு அதிகம். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் பனியனைக் கழற்றச் சொல்லாதீர்கள், அந்தப் பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள்.

இளையராஜாவையும் இழுத்திருக்கிறீர்கள். அவர் பாட்டு ஏதாவது ஒன்றை எடுத்து, பாடுகிற குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அது தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அந்த மின்சார பேஸ் கிட்டார், அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பண்ணைப்புரத்திலிருந்து போனவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார், கிடைத்ததையெல்லாம் கேட்டார். அவர் கதவைத் திறந்து வைத்தவர். அவர் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்தாதீர்கள்.

இந்த இசையின்மேல் உண்மையாகவே ஒரு குற்றம் சாட்டலாம். நீங்கள் அதைச் சாட்டவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கறுப்பர்களின் பாட்டை எடுத்து வெள்ளைக்காரக் குழுக்கள் பெரும்பணம் பார்த்தன. பல நேரம் எழுதியவன் பெயரைக்கூடப் போடவில்லை. நான் இவ்வளவு புகழ்ந்த லெட் செப்பலின் இதில் முதல் குற்றவாளி. அவர்களின் 1969-ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற பாட்டு ‘ஹோல் லாட்டா லவ்’, மடி வாட்டர்ஸுக்காக வில்லி டிக்சன் எழுதியதிலிருந்து வந்தது. டிக்சன் 1985-ல் வழக்குப் போட்ட பிறகே சமரசம் ஆகி, அவர் பெயர் ஏறியது. அந்தக் குழுவை நேசிக்கிற ஒவ்வொருவனும் இதைத் தெரிந்துகொண்டுதான் நேசிக்க வேண்டும்.

மூஞ்சிக்கல் கடையில் நாங்கள் கேட்ட பாட்டும் செப்பலினுடையது அல்ல. 1927-ல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்து ஊர்களை மூழ்கடித்தது. கறுப்புத் தொழிலாளிகளைத் துப்பாக்கி முனையில் நிறுத்திக் கரையை அடைக்க வைத்தார்கள். அதைப் பற்றி 1929-ல் கான்சாஸ் ஜோ மெக்காய் பாட, அவருடைய மனைவி மெம்பிஸ் மின்னி கிட்டார் வாசித்துப் பதிவுசெய்த பாட்டு அது. ஆண்கள் மட்டுமே கிட்டாரோடு மேடையேறிய ஊர்களில் ஆண்களைப் போட்டியில் தோற்கடித்தவர் என்று பெயரெடுத்த பெண் மின்னி. இருநூறு பாட்டுக்குப் பக்கமாகப் பதிவுசெய்தார். பக்கவாதத்தில் விழுந்து, வறுமையில் 1973-ல் இறந்தார். கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 1996-ல் பாடகி போனி ரைட் பணம் கொடுத்துத்தான் கல் வைத்தார்கள்.

செப்பலின் தொகுப்பில் அந்தப் பாட்டுக்கு மட்டும் மெம்பிஸ் மின்னியின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த இதழில் நான் எழுதப்போவது அவரைப் பற்றி. அதைப் படித்த பிறகும் தமிழ் வாசகனுக்கு இது எதற்கு என்று தோன்றினால், மறுபடி எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

— ஆசிரியர்