பி.பி.ஏ.வும் கடன் நோட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் அருப்புக்கோட்டைக்காரி. பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பி.காம்.தான் கேட்டேன், இடம் கிடைக்கவில்லை, பி.பி.ஏ. கிடைத்தது. பி.காம். படிக்கும் தோழிகள் “உனக்கென்னடி, எல்லாம் கதை எழுதுற பேப்பர்” என்கிறார்கள். அப்பா அதற்கும் மேலே. “மூணு வருஷம் காசு கட்டிப் படிக்கிறதை எங்கிட்ட மூணு மாசம் நின்னா கத்துக்கலாம்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் என்னை ஒருநாளும் கடையில் நிற்க விட்டதில்லை. தம்பி ஒன்பதாவது படிக்கிறான். அவன் நிற்கிறான்.

மாஸ்லோ, ஃபேயால், நான்கு பி என்று மனப்பாடம் செய்து எழுதி எழுபது மார்க் வாங்கிவிடுகிறேன். எதையும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. நிர்வாகம் என்பது படித்து வருகிற விஷயம்தானா? அடுத்து எம்.பி.ஏ. போகலாமா, இத்தோடு நிறுத்திவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “என்னை ஒருநாளும் கடையில் நிற்க விட்டதில்லை.”

உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. நின்று கற்றுக்கொள்கிற படிப்பு நம் பக்கத்தில் பல்கலைக்கழகங்களுக்கு முன்பே இருந்தது. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில் கப்பலேறிப் போகும் பையனுக்கு முதல் வேலை ‘பெட்டியடிப் பையன்’. கணக்கு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி செய்வான், நகல் எழுதுவான், வசூலுக்குக் கூடப் போவான். தேறினால் அடுத்தாள், அப்புறம் மேலாள். பேரேட்டிலிருந்து ஐந்தொகை (இன்றைய பேலன்ஸ் ஷீட்) எடுத்து ஊரிலிருக்கும் முதலாளிக்கு அனுப்பவேண்டும். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் முதலாளி அந்தத் தாளை வைத்துத்தான் கடையைப் பார்ப்பார். எம்.பி.ஏ. வகுப்பில் சொல்லித்தரும் பலதும் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது. ஆனால் பையனைப் பெட்டியடியில் உட்காரவிட்டால்தான் அவன் மேலாள் ஆவான். வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு “மூணு மாசத்தில் கத்துக்கலாம்” என்று சொல்ல முடியாது. இதை அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். சண்டை வரும்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். நின்றால் எல்லாம் வந்துவிடுமா?

நான் எண்பதுகளின் கடைசியில் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. சில வருடம் கழித்து மாலை நேர எம்.பி.ஏ. சேர்ந்தேன். ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு ஆர்டர் போட்டால் மொத்தச் செலவு குறையும் என்று கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் உண்டு, உங்களுக்கும் வரும். ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913-ல் எழுதியது. வகுப்பில் அதைப் படித்த சூட்டோடு மில்லில் ஒரு உதிரிபாகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். வர்க்கமூலமெல்லாம் எடுத்து 140 என்று விடை வந்தது. பெருமையோடு ஸ்டோர் கீப்பரிடம் கொண்டுபோனேன். அவர் எட்டாவது படித்தவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், அவன் நூறு நூறாத்தான் பெட்டி கட்டுறான். நாப்பதுக்குப் பெட்டியை உடைக்கச் சொல்லவா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் உங்கள் அப்பா ஜெயித்திருப்பார். அந்தக் கணக்குக்காக ஒவ்வொரு பொருளும் வருடத்துக்கு எத்தனை செலவாகிறது என்று அட்டைகளைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. பின்பக்க அலமாரியில் பாதிக்கு மேல், மில் எப்போதோ விற்றுவிட்ட ஒரு இயந்திரத்தின் பல்சக்கரங்கள். எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, பத்திரமாக இருந்தன. பதினைந்து வருடம் அந்த அறையில் நின்றவருக்கு அவை சுவர் மாதிரி ஆகிவிட்டன. பார்க்கிறோம் என்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் சூத்திரம் சொன்ன விடை தப்பு. ஆனால் சூத்திரம் இல்லாவிட்டால் அந்த அட்டைகளை நான் புரட்டியிருக்கமாட்டேன்.

நிர்வாகப் படிப்பில் எனக்குத் தெரிந்த உபயோகம் இதுதான். தினமும் பார்த்துப் பழகிப்போன ஒன்றை எண்ணிப் பார்க்கவைக்கும்.

உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கடன் நோட்டு இருக்கும், அல்லவா? நானாக உத்தேசமாகச் சில எண்கள் போடுகிறேன். தினசரி வியாபாரம் 20,000 ரூபாய். அதில் 6,000 கடன். சராசரியாக நாற்பது நாளில் திரும்புகிறது. அப்படியானால் எந்த நாளிலும் 2,40,000 ரூபாய் ஊருக்குள் நிற்கிறது. ஒரு நாள் விற்கும் சரக்கின் கொள்முதல் விலை 18,000, பதினைந்து நாள் சரக்கு கடையில் இருக்கிறது என்றால் 2,70,000. மொத்தக் கடைக்காரர்களும் ஏஜென்சிக்காரர்களும் ஏழு நாள் தவணை தருகிறார்கள் என்றால் அவர்கள் பணம் 1,26,000 உங்களிடம். கூட்டிக் கழித்தால் 3,84,000 ரூபாய் அப்பா கையிலிருந்து போட்டாகவேண்டும். (கடனை விற்ற விலையில் போட்டிருக்கிறேன். வாங்கிய விலையில் போட்டால் கொஞ்சம் குறையும். உங்கள் கணக்கியல் ஆசிரியர் கேட்பார்.) அதை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 7,680 ரூபாய் வட்டிக்கே போகும். புத்தகத்தில் இதற்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். அப்பா “பணம் ரொட்டேஷன்ல இருக்கு” என்பார். இரண்டும் ஒன்றுதான்.

கடன் நாற்பது நாளுக்குப் பதில் இருபத்தைந்து நாளில் திரும்பினால் 90,000 ரூபாய் கைக்கு வரும். மாதம் 1,800 வட்டி மிச்சம். பரீட்சைத் தாளில் “வசூல் காலத்தைக் குறைக்கவேண்டும்” என்று எழுதினால் முழு மார்க். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தறிக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை கூலி, வாத்தியாருக்கு ஒன்றாம் தேதி சம்பளம், கொத்தனாருக்கு ஐப்பசி கார்த்திகையில் வேலையே இருக்காது, கல்யாண வீட்டுக்காரர் மொய் எண்ணி முடித்ததும் கொண்டுவந்து கொடுப்பார் என்று அவர் ஆள் ஆளாகப் பிரித்துச் சொல்வார். யாரை நெருக்கலாம், யாரை நெருக்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது அந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரிடம் இல்லாதது மொத்தம் எவ்வளவு என்ற அந்த ஒரு எண். தொண்ணூறு நாள் தாண்டிய கடன் எத்தனை என்று திடீரெனக் கேட்டால் சொல்லமாட்டார். நான் பார்த்த எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை.

ஃபேயாலை மனப்பாடம் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பாவம் அவர். பிரான்சில் சுரங்கப் பொறியாளர். நொடித்துப்போகும் நிலையில் இருந்த ஒரு சுரங்க, இரும்புக் கம்பெனியை 1888-ல் கையில் எடுத்து முப்பது வருடம் நடத்தினார். அந்த அனுபவத்தில் தேறியவற்றை 1916-ல் எழுதினார். அவருடைய பதினான்கு கோட்பாடுகளை நாம் ஐந்து மார்க் கேள்வியாக்கிவிட்டோம். அதில் ஒன்று, ஒரு ஆளுக்கு உத்தரவு ஒரே இடத்திலிருந்துதான் வரவேண்டும் என்பது. கடைப் பையனிடம் அப்பா “பருப்பை நிறு” என்கிறார், அதே நேரம் உள்ளேயிருந்து அம்மா “சிலிண்டர் வந்திருக்கு, எடுத்து வை” என்கிறார். பையன் நடுவில் முழிக்கிறான். கோட்பாடு அவ்வளவுதான். அடுத்த பரீட்சையில் உதாரணம் கேட்டால் இதை எழுதுங்கள். திருத்துகிறவர் முந்நூறு தாள் திருத்திய களைப்பில் இருப்பார், சந்தோஷப்படுவார்.

நிர்வாகம் என்ன செய்யும் என்று காட்டும் இன்னொரு இடம் மதுரை. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை. 1993-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அதைப் பற்றிய ஆய்வை வகுப்புப் பாடமாக்கியது. பல நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். அறுவை அரங்கில் இரண்டு மேசைகள். டாக்டர் ஒன்றில் அறுவை செய்யும்போதே அடுத்த மேசையில் நோயாளியைத் தயார்படுத்திவிடுவார்கள். முடித்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவேண்டியதுதான். அங்கே அரிதான சரக்கு டாக்டரின் நேரம். அவர் காத்திருக்கவே கூடாது, அவரால் மட்டுமே முடிகிற வேலையைத் தவிர வேறெதுவும் அவர் செய்யவும் கூடாது. மற்றதெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் செய்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். கட்டணம் கட்டுகிறவர்களின் பணத்தில் கட்டமுடியாதவர்களுக்கும் பார்வை வந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து விலை கட்டாமல் போனபோது 1992-ல் ஆரோலேப் தொடங்கி அதையும் தாங்களே செய்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் கடையை எதிர்ச் சாரியில் நின்று கால் மணி நேரம் பாருங்கள். என் ஊகம், கூட்டம் தேங்கும் இடம் கல்லாவாகத்தான் இருக்கும். காசு வாங்குவது, கடன் எழுதுவது, விலை சொல்வது, எடை சரிபார்ப்பது எல்லாம் அப்பா ஒருவரே. அண்ணாச்சி நிமிரும்வரை பத்துப் பேர் நிற்கவேண்டும். துவரம்பருப்பையும் சீனியையும் மத்தியானமே அரைக்கிலோ, ஒரு கிலோ என்று கட்டிவைத்தால் எத்தனை பேர் சீக்கிரம் நகர்வார்கள்? கடன் நோட்டு மட்டும் இன்னொருவர் கையில் இருந்தால்? அந்த இன்னொருவர் யார் என்பதையும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் ப்ராஜெக்ட் கேட்பார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் போன வருடத்து ப்ராஜெக்டை வாங்கி, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி, கெட்டி அட்டை போட்டுக் கொடுத்தார்கள். ஒருவன் உள்ளே நாலைந்து பக்கங்களில் பழைய பெயரை மாற்ற மறந்துவிட்டான். அவனுக்கும் எனக்கும் ஒரே மார்க். உங்கள் கல்லூரியிலும் பெரிய கம்பெனி லெட்டர்பேடு இருந்தால்தான் மதிப்பு என்பார்கள். கேட்காதீர்கள். அப்பா கடையை எடுங்கள்.

எம்.பி.ஏ. பற்றி என் அபிப்பிராயம்: உடனே வேண்டாம். அமெரிக்காவில் பெரும்பாலும் நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்கள்தான் அதில் சேர்கிறார்கள். இங்கே ஹைதராபாத்தில் உள்ள ஐ.எஸ்.பி. என்ற வணிகப் பள்ளியின் முக்கியப் படிப்புக்கும் குறைந்தது இருபத்து நான்கு மாத வேலை அனுபவம் வேண்டும். காரணம் எளிது. முதலாளி கத்துவதையும், ஆர்டர் கைநழுவிப் போவதையும், சம்பள நாளன்று வங்கியில் பணம் இல்லாமல் இருப்பதையும் ஒருமுறை பார்த்தவருக்குத்தான் வகுப்பில் பேசுவது உறைக்கும். ஒரு ஏஜென்சியிலோ, திருப்பூரில் பனியன் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகவோ இரண்டு வருடம் இருந்துவிட்டு டான்செட், கேட் (CAT) என்ற நுழைவுத் தேர்வுகளில் ஒன்றை எழுதலாம். பட்டத்தின் பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். அகமதாபாத், கொல்கத்தா ஐ.ஐ.எம்.கள் 1961-ல் தொடங்கின. 2017-ல் சட்டம் வரும்வரை அவை கொடுத்தது வெறும் டிப்ளமாதான், எம்.பி.ஏ. பட்டம் இல்லை. அதனால் யாருக்கும் வேலை கிடைக்காமல் போகவில்லை.

வங்கித் தேர்வு எழுதினால் இந்தப் படிப்பை விட்டுவிட்டதாக நினைக்கவேண்டாம். அதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், பி.காம்.தான் வேண்டும் என்றில்லை. வேலை கிடைத்து கடன் பிரிவில் உட்கார்ந்தால், மேலே நான் போட்ட அதே கணக்கைத்தான் தினமும் போடுவீர்கள். சிறு நிறுவனங்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் நடைமுறை மூலதனக் கடன் என்று ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி சொன்ன முறை வங்கிகளில் உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் உங்கள் அப்பா மாதிரி ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லும் எண்ணில் எது நிஜம், எது உத்தேசம் என்று உங்களுக்குத் தெரிந்தால் நல்லது.

தோழிகள் சொல்லும் ‘கதை பேப்பர்’ விஷயத்தில் எனக்கு அவர்களோடு சண்டை இல்லை. நிறையக் கதைதான். செலவுக் கணக்கியலையும் வணிகச் சட்டத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் பழையதுதான், ஆனால் இன்றும் அதன் மேல்தான் நிற்கிறோம்.

நோட்டை இப்போதே கேட்காதீர்கள். தீபாவளி வரை அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். பண்டிகை முடிந்து, வசூல் வந்து, ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கும்போது, “ப்ராஜெக்டுக்கு வேணும்ப்பா, பேரெல்லாம் எழுதமாட்டேன்” என்று கேளுங்கள். முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று மூன்று பத்தி போட்டு ஒரு தாளில் கூட்டி அவர் கையில் கொடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.