தண்ணீர் விழாத கிணறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளி வாகனங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். 2012 ஜூலையில் சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தது, உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அந்த ஆண்டே தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் கொண்டுவந்தது என்றெல்லாம் சொல்லிவிட்டு, 'ஒழுங்காகச் சட்டம் எழுதினால் நடக்கும்' என்று முடித்திருந்தீர்கள்.

நான் அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளைகள் நடந்து வரும் வழியில், ஒரு சோளக்காட்டு ஓரத்தில், கைவிட்ட போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஒன்று இருக்கிறது. வாயில் ஒரு சாக்கு, அதன்மேல் ஒரு கல். அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலகத்தில் சொன்னேன். ஊராட்சியில் சொல்லச் சொன்னார்கள். ஊராட்சியில் சொன்னேன். காட்டுக்காரரிடமே சொல்லுங்கள் என்றார்கள். அவரிடம் போனால், "டீச்சர், அதுல போன காசுக்கு இன்னும் வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன், இப்ப அதை மூட வேற செலவு பண்ணணுமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கும் சட்டம் இருக்கிறதே ஐயா? பேருந்துக்கு நடந்தது போருக்கு ஏன் நடக்கவில்லை? எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர், பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும், சட்டம் என்ன செய்யும் என்கிறார்கள். உங்கள் ஊரில் நிலைமை எப்படி?

க.,
அரவக்குறிச்சி வட்டம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

அந்தக் கடைசி வரியை நான் அவ்வளவு தீர்மானமாக எழுதியிருக்கக் கூடாது. உங்கள் கடிதம் வந்த பிறகு திரும்ப வாசித்துப் பார்த்தேன், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

முதலில் ஆசிரியர் அறை விவாதத்தை முடித்துவிடுவோம். 2019இல், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போர்க்குழியில் விழுந்தது வீட்டுப் பக்கத்திலேயே, சொந்த நிலத்தில். மானாவாரிக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேறு இடம் கிடையாது. களை எடுக்கிற வரப்பில்தான் அதுவும் விளையாடும். இரண்டு வயதுக் குழந்தையை நொடி தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க முடியும் என்று சொல்பவர், குழந்தை வளர்த்தவராக இருக்க மாட்டார்.

அப்புறம், பிள்ளைகள் போர்க்குழிக்குத் தவறிப்போய் மட்டும் வருவதில்லை, ஆசைப்பட்டும் வருகிறார்கள். நாங்கள் அப்படித்தான் வந்தோம். கல்லைப் போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்போம். டக், டக் என்று பாறையில் இடித்துக்கொண்டே போகிற சத்தம் மெல்லக் குறையும், அடியில் விழுந்த சத்தம் மட்டும் வரவே வராது. அந்த வராத சத்தத்துக்காக இன்னொரு கல். எங்கள் சித்தப்பா காட்டில் அப்படி மூன்று குழி இருந்தன. அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. தண்ணீரும் உள்ளாட்சியும் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் வருபவை. அதனால் இது பெரும்பாலும் மாநிலத்தின் வேலை. சென்னைக்கும் சுற்றுப்புறத்துக்கும் 1987இலேயே நிலத்தடி நீர்ச் சட்டம் வந்துவிட்டது. மற்ற பகுதிகளுக்கு 2003இல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். அது பத்து வருடம் ஏட்டிலேயே கிடந்தது, 2013இல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் ஓய்வு பெற்ற சட்டம். அதன் பிறகு 2014இல் ஊராட்சிகள் சட்டத்தில் திருத்தம், 2015இல் கிணறு தோண்டுவதை ஒழுங்குபடுத்தவும் பாதுகாப்புக்குமான விதிகள். போர் போட ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்பது அப்படித்தான் வந்தது.

இதற்கும் முன்பே, 2010 பிப்ரவரியில், நாடு முழுவதற்குமாக உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது, அதே ஆகஸ்டில் திருத்தவும் செய்தது. நான் பார்த்தவரை அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. தோண்டுவதற்கு 15 நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போர் வண்டி நிறுவனம் மாவட்ட நிர்வாகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தோண்டும் இடத்தில் வண்டிக்காரர், நிலத்துக்காரர் முகவரியோடு பலகை, சுற்றிலும் முள்வேலி, குழியின் மேல்பகுதியில் இறக்கும் கேசிங் பைப்பைச் சுற்றி சிமெண்ட் மேடை. பைப்பின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். மோட்டாரைப் பழுது பார்க்கக் கழற்றினால்கூடத் திறந்து போடக் கூடாது. கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும், நிரப்பியதற்குச் சான்றும் வாங்க வேண்டும். எல்லாம் இருக்கிறது.

சரி, பிறகு ஏன் உங்கள் சோளக்காட்டில் சாக்கு மூடிக் கிடக்கிறது?

போர் போடுகிற இரவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தென்னை காய்ந்துகொண்டிருக்கிறது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து ஒரு இடத்தில் கல்லை நட்டுவிட்டுப் போயிருக்கிறார். திருச்செங்கோட்டுப் போர் வண்டி பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறது, இன்று விட்டால் அடுத்த மாதம்தான். 15 நாள் முன்னறிவிப்பை யார் நினைப்பார்கள்? ராத்திரி வண்டி வருகிறது. ஊரே சுற்றி நிற்கிறது. 300 அடியில் ஈரம் தட்டுகிறது என்பார் ஒருவர். 500இல் புழுதி. "இன்னும் ரெண்டு ராடு இறக்கிப் பாக்கலாம்ணே." அடிக் கணக்கில் காசு. 700, 800. விடியும்போது குழியிலிருந்து வெள்ளைப் புழுதி மட்டும் வந்துகொண்டிருக்கும். கூட்டம் சத்தமில்லாமல் கலைந்துவிடும்.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். மேல்மண் சரியாமலிருக்க இறக்கிய கேசிங் பைப்பை உருவி எடுத்துவிடுவார்கள். தண்ணீர் வராத குழிக்குள் அவ்வளவு காசு பைப்பை யார் விட்டுவைப்பார்? பாறையில் ஆறரை இஞ்ச்தான் குழி. ஆனால் பைப் போன பிறகு மேலே இருக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, வாய் புனல் மாதிரி விரியும். குழந்தை அந்தப் புனலில்தான் வழுக்குகிறது. தண்ணீர் விழுந்த போருக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை. அதில் பைப் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மேலே மூடி இருக்கிறது, சொந்தக்காரர் தினமும் போய்ப் பார்க்கிறார். தோற்ற கிணறுதான் ஆளைக் கொல்கிறது. அதைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்காது.

பேருந்துக்கும் போருக்கும் வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறப்பதற்கு முன் அத்தனை பள்ளி வாகனங்களையும் ஒரு மைதானத்தில் நிறுத்தி அதிகாரிகள் ஏறிப் பார்க்கிறார்கள். தளத்தை மிதித்துப் பார்ப்பார்கள், அவசர வழிக் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அதில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு இடம் இருக்கிறது. சான்றிதழ் கிடைக்காவிட்டால் வண்டி ஓடாது என்ற பயம் முதலாளிக்கும் இருக்கிறது. காய்ந்த போருக்கு இது எதுவுமே கிடையாது. சட்டம் அனுமதிக் கடிதத்தோடு வாசலில் நிற்கிறது, ஆபத்தோ வேலை முடிந்த பிறகு கொல்லைப்புறமாக வருகிறது. சிறைத் தண்டனை, அபராதம் எல்லாம் குழந்தை விழுந்த பிறகுதான் யாருக்காவது நினைவு வரும். அப்போதும் பெரும்பாலும் மாட்டுவது கடன்பட்ட அந்த விவசாயிதான், சில சமயம் இறந்த குழந்தையின் சொந்தத் தகப்பன்.

என்னைக் கேட்டால் பிடிக்க வேண்டியது வண்டியை. நிலத்துக்காரர் பல்லாயிரம் பேர், வண்டிகள் எண்ணிக்கைக்குள் அடங்குபவை. அவற்றுக்குப் பதிவு உண்டு, தொழில் தொடர்ந்து நடக்க வேண்டிய கட்டாயமும் உண்டு. தண்ணீர் விழவில்லை என்றால், குழியை நிரப்பிப் படம் எடுத்து அனுப்பாமல் வண்டி அந்தக் காட்டை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் பதிவு போகும். நிரப்பும் கூலியை அடி ரேட்டிலேயே முதலில் சேர்த்துக்கொள்ளட்டும். தோற்றுப்போன விடியலில் ஒருவரிடம் தனியாக இன்னும் ஆயிரம் ரூபாய் கேட்பது நடக்கிற காரியமில்லை. இதை நான் சொன்னபோது வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். "நாங்க போன பிறகு அவரே தோண்டிப் பார்த்தா?" என்றார். அடுத்த வருடம் மழை பெய்தால் ஊற்று வரும் என்ற நம்பிக்கையில் மூடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு, அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அப்படி நம்புகிறவர் பைப்பை உருவாமல் மூடி போட்டுக்கொள்ளலாமே.

உங்கள் சோளக்காட்டுக்காரருக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள். ஆறரை இஞ்ச் குழி, 600 அடி ஆழம் என்று வையுங்கள். நிரப்ப ஏறக்குறைய 140 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு (நூறு கன அடி ஒரு யூனிட்). அது காசு கொடுத்து வாங்கவேண்டியதுகூட இல்லை. அந்தக் குழியிலிருந்து வந்த பாறைத்தூள் பக்கத்திலேயே குவிந்து கிடக்கும், யாராவது வீட்டுத் தளத்துக்கு அள்ளிப் போகாமல் இருந்தால். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மொத்தமாகக் கொட்டக் கூடாது. அவசரமாகக் கொட்டினால் நடுவழியில் அடைத்துக்கொள்ளும், மேலே பார்க்க நிரம்பிய மாதிரி இருக்கும். ஒரு மழையில் அடைப்பு இறங்கும், போன வாரம் நடந்துபோன இடத்தில் இன்று குழி இருக்கும். 'மூடிவிட்டோம்' என்று சொன்ன போர்கள் வாய் திறப்பது இப்படித்தான். கூழாங்கல்லும் தூளுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மட்டம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே போட வேண்டும். அரை நாள் வேலை. அல்லது பைப் இருந்தால் வடிகட்டிக் குழி அமைத்து மழைநீரை உள்ளே விடலாம், பக்கத்துக் கிணற்றுக்காவது பயன்படும்.

அவர் அசையாவிட்டால் இனி வாய்வார்த்தையாக யாரிடமும் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள், சர்வே எண்ணைப் போட்டு, படத்தை இணைத்து. ரசீது வாங்குங்கள். மனு எண் வந்துவிட்டால் அந்தக் குழி ஒரு அதிகாரியின் கணக்கில் ஏறிவிடுகிறது, அவர் எழுத்தில் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். கிராம சபை கூடும்போது ஊரில் இருக்கிற கைவிட்ட போர்களைப் பட்டியல் எடுக்கத் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். பட்டியலை உங்கள் பிள்ளைகளே தயாரித்துவிடுவார்கள். எந்தக் காட்டில் எத்தனை குழி என்று எந்தப் பதிவேட்டையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மீட்புக் கருவிகளைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். 2014இல் சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிறுவனை மதுரைக்காரர் ஒருவர் செய்த கருவியால் உயிரோடு தூக்கினார்கள், உண்மை. நடுக்காட்டுப்பட்டியில் அது உட்பட எதுவும் பலிக்கவில்லை. முதலில் 30 அடிக்குள் இருந்த குழந்தை 88 அடிக்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் இணையாகத் தோண்டிய குழி கடும்பாறையில் அங்குலம் அங்குலமாகத்தான் போனது. 80 மணி நேரத்துக்கு மேல் நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நான்கு நாளில் செலவான டீசலில் ஒரு வட்டத்துக் குழிகளையே நிரப்பியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

எங்கள் ஊரைக் கேட்டிருந்தீர்கள். சித்தப்பா காட்டில் மூன்று குழி என்றேன் அல்லவா. ஒன்றில் தண்ணீர் விழுந்தது, மோட்டார் ஓடுகிறது. இரண்டாவது குழி, வீடு கட்டியபோது தளத்துக்கு அடியில் போனது. மூன்றாவதின் மேல் பழைய ஆட்டுக்கல்லைக் கவிழ்த்து வைத்திருந்தார். உங்கள் கடிதம் வந்த அன்று தம்பிக்கு போன் பண்ணி, அந்தக் குழியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அதான் ஆட்டுக்கல் இருக்குதுல்ல" என்றான். பார்த்து எத்தனை நாள் ஆச்சு என்றேன். கொஞ்சம் யோசித்தான். இரண்டு வருடம் முன்பு புது வீட்டுக்காரி அலங்காரத்துக்கென்று கேட்டாள், பழைய ஆட்டுக்கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தோம், அது அந்தக் கல்தானா என்று அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போகிறேன். கடப்பாரை, கயிறு, ஒரு டார்ச் லைட் எடுத்து வைத்திருக்கிறேன். பாறைத்தூள் அங்கே மிச்சம் இருக்காது, பக்கத்து கிரஷரில் ஒன்றரை யூனிட் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மனு எண் வந்ததும் எழுதுங்கள்.