கில்ட் ஹோஸ்: ஓட்டை விழுவது அடியில், கவனமெல்லாம் பின்னால்

கேள்வி: கிளாஸ்கோவில் கல்யாணம். மாப்பிள்ளை கில்ட்டுடன் (ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்புப் பாவாடை) போடும் ஹோஸை, அதாவது முழங்கால்வரை வரும் காலுறையை, நானே பின்னப்போகிறேன். கடையில் 100% மெரினோ ஆட்டுக் கம்பளி நூலைக் காட்டி, “இதைவிட உசத்தி கிடையாது” என்கிறார்கள். வாங்கலாமா? எத்தனை பந்து வேண்டும்?

பதில்: மெரினோ உசத்திதான், கழுத்தில் சுற்றிக்கொள்ள. குதிகாலுக்கு வேண்டாம். அதன் இழை மெலிது, முறுக்கும் பெரும்பாலும் தளர்வு. ஷூவுக்குள் உரச உரச முதலில் பஞ்சு எழும்பும், பிறகு இழை நைந்து அறும். 75% கம்பளி, 25% நைலான் கலந்த 4 பிளை (மெல்லிய தடிமன்) சாக் நூலைக் கேளுங்கள். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். நூல் நுனியை இரண்டு விரலில் பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கம் உருட்டிப் பாருங்கள். நாலு உருட்டலில் பஞ்சாகப் பிரிந்தால் வைத்துவிடுங்கள். பிரிந்த ஒவ்வொரு இழையும் தனித்தனியே முறுக்கேறி நின்றால் அதுதான் குதிகால் நூல்.

100 கிராம் பந்தில் 400 முதல் 420 மீட்டர் இருக்கும். ஆணின் முழங்கால் அளவு ஜோடிக்கு 3 பந்து. கேபிள் டிசைன் நூலைத் தின்னும், அதற்கு 4. எல்லாவற்றையும் ஒரே டை லாட் எண்ணில் (ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டும் எண்), ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். இடதுகால் ஒரு வெள்ளை, வலதுகால் ஒரு வெள்ளை என்று ஆனால் கில்ட்டுக்குக் கீழே ஒளிக்க இடமில்லை.

கேள்வி: மேலிருந்து கீழாகப் பின்னினேன். மேல்பட்டையை மடித்ததும் டிசைன் உள்பக்கம் போய்விட்டது. கெண்டைக்காலிலும் நிற்காமல் சரிகிறது. எங்கே தப்பு?

பதில்: இரண்டு தனித்தனித் தப்பு. பட்டையை 10 செ.மீ. பின்னி முடித்ததும் வேலையை உள்வெளியாகப் புரட்டி, எதிர்த்திசையில் பின்னத் தொடங்க வேண்டும். திரும்பும் இடத்தில் சின்ன இடைவெளி விழும். முதல் கண்ணியை (ஊசியில் இருக்கும் பின்னல் வளையம்) நூல் சுற்றி மூடிவிடுங்கள். அடுத்த 7 செ.மீ. 2க்கு 2 ரிப், அதாவது இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி) என மாறி மாறி வரும் பின்னல். இது பட்டைக்கு அடியில் மறைந்துவிடும், கார்ட்டர் (ஹோஸ் சரியாமல் காலில் கட்டும் பட்டை) பிடித்துக்கொள்வது இதைத்தான். மடிப்பு விளிம்பு முட்டிச் சில்லுக்குக் கீழே மூன்று, நான்கு விரற்கடையில் நிற்க வேண்டும்.

சரிவதற்குக் காரணம் அளவு. உடம்பைவிடப் பத்தில் ஒரு பங்கு சின்னதாகப் பின்னினால்தான் ஹோஸ் பிடிக்கும். கெண்டைக்கால் சுற்றளவு 38 செ.மீ. என்றால் பின்ன வேண்டியது 34. 10 செ.மீ.க்கு 32 கண்ணி வந்தால் அது 108 கண்ணி. கணுக்காலில் 72 போதும். நடுவில் 36 கண்ணி குறைய வேண்டும்: பின்பக்க நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொன்று, 6 சுற்றுக்கு ஒருமுறை, 18 தடவை. ரிப் முடிந்த கையோடு குறைக்கத் தொடங்கிவிடாதீர்கள். சதை அதிகம் உள்ள இடம் தாண்டும்வரை 6 செ.மீ. நேராக விடுங்கள்.

கேள்வி: குதிகால் மட்டும் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. ஸ்லிப் கண்ணி (பின்னாமல் அடுத்த ஊசிக்கு நகர்த்தும் கண்ணி) போட்டுத் தடிப்பாகத்தான் பின்னுகிறேன். நைலான் நூலும் சேர்க்கிறேன். இன்னும் என்ன செய்வது?

பதில்: கிழிந்த ஜோடியை எடுத்து ஓட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் அது பின்னால் இருக்காது. நிற்கும்போது எடை இறங்கும் அடிப்பக்கத்தில், பின்னலைக் குதிகாலின் அடிக்கு வளைத்துத் திருப்பிய இடத்தில் இருக்கும். நீங்கள் தடிப்பாகப் பின்னிய மடல், அதாவது குதிகாலின் பின்துண்டு, பின்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அடியில் வந்ததும் சாதா நிட்டுக்கு மாறிவிடுகிறீர்கள், அதாவது மெலிந்த இடத்தில்தான் ஆள் நிற்கிறார். வட்டமான பிரெஞ்சுக் குதிகால் பார்க்க அழகு. ஆனால் குறைப்புகள் ஏறி இறங்குவதால் அதன் அடியில் ஸ்லிப் கண்ணியைத் தொடர்வது தொல்லை. உழைக்க வேண்டும் என்றால் சதுரமான டச்சுக் குதிகால்தான் எங்கள் தேர்வு.

72 கண்ணிக்கான கணக்கு இது. பாதி, அதாவது 36 கண்ணி குதிகாலுக்கு. காலை 2.25 மி.மீ. ஊசியில் பின்னியிருந்தால் இங்கே 2 மி.மீ.க்கு மாறுங்கள். நேர்ப்பக்க வரி: ஒன்றைப் பின்னாமல் நகர்த்தி, ஒன்றை நிட், இப்படியே கடைசிவரை. உள்பக்க வரி: முதல் கண்ணியை நகர்த்தி, மீதி எல்லாம் பர்ல். நேர்ப்பக்கத்தில் நகர்த்தும்போது நூல் வேலைக்குப் பின்னால் இருக்கட்டும். அங்கே ஓடும் அந்தக் குறுக்கிழைதான் இரண்டாவது அடுக்கு. ஊசியைப் பர்லுக்கு நுழைப்பதுபோல நுழைத்து நகர்த்தாவிட்டால் கண்ணி முறுக்கிக்கொண்டு மடல் விறைக்கும். 36 வரி, உயரமான பாதமானால் 40.

திருப்பும்போது 36ஐ 12, 12, 12 எனப் பிரித்துக்கொள்ளுங்கள். நேர்ப்பக்கத்தில் 23 கண்ணிவரை ஸ்லிப் முறையிலேயே போய், 24ஐயும் 25ஐயும் இடப்பக்கம் சாயும்படி சேர்த்துப் பின்னித் திரும்புங்கள். உள்பக்கத்தில் ஒன்றை நகர்த்தி, 10 பர்ல், இரண்டைச் சேர்த்துப் பர்ல், திரும்புங்கள். அடுத்த நேர்ப்பக்க வரி: ஒன்றை நகர்த்தி, நிட் ஒன்று நகர்த்தல் ஒன்று என ஐந்து தடவை, பிறகு சேர்த்துப் பின்னல். பக்கக் கண்ணிகள் தீரும்வரை இதே இரண்டு வரிதான். முடிவில் 12 மிஞ்சும். அடிப்பக்கம் முழுக்க இரட்டைத் தடிப்பு. மடலின் விளிம்பில் பக்கத்துக்கு 18 சங்கிலிக் கண்ணி, மூலையில் கூடுதலாக ஒன்று எடுங்கள். மூலைக் கண்ணியை விட்டால் அங்கேதான் முதல் பொத்தல். மேல்பாதத்தில் காத்திருக்கும் 36ஐயும் சேர்த்தால் இப்போது மொத்தம் 86. சுற்றுவிட்டுச் சுற்று 2 கண்ணி குறைத்து, 7 குறைப்பில் 72க்கு வாருங்கள்.

சேர்க்கும் நைலான் நூலை மடலோடு நிறுத்தாமல் உள்ளங்காலில் இன்னும் 4 செ.மீ. கொண்டுபோங்கள். தையல் மெஷின் பாலியஸ்டர் நூல் வேண்டாம், அது கம்பளியை அறுக்கும். இன்னொன்று, பாதநீளம். அது பாதத்தைவிட 1 முதல் 1.5 செ.மீ. குறைவாக இருக்கட்டும். தொளதொளவென்ற ஹோஸ் ஒவ்வொரு அடிக்கும் ஷூவுக்குள் நகரும். அந்த உரசலுக்கு எந்த நூலும் தாங்காது.

கேள்வி: ஆர்கைல் டிசைன் (சாய்ந்த வைரக் கட்டங்கள்) எனக்கு வராது. கையால் பின்னித் தருபவரிடம் இணையத்தில் ஆர்டர் கொடுத்தால், பிடிக்காவிட்டால் திருப்பலாமா?

பதில்: பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்பது 2013ஆம் ஆண்டு விதி. ஆனால் உங்கள் கால் அளவுக்கென்று பின்னியதற்கு அது பொருந்தாது. குறை இருந்தால் கதை வேறு: 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் திருப்பித் தந்து பணம் கேட்கலாம். ஆகவே கெண்டைக்கால், கணுக்கால், பாதநீளம், மடிப்பு விளிம்பிலிருந்து தரைவரை உயரம், நூல் கலவை, குதிகால் வகை ஆறையும் எழுத்தில் அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ‘அளவு தப்பு’ என்பது குறையாகும் வழி அதுதான்.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பின்னிய ஹோஸுக்கு முன்பு டார்ட்டன் என்னும் கட்டம்போட்ட துணியைச் சாய்வாக வெட்டித் தைத்துப் போட்டார்கள்; ஆர்கைல் கட்டம் அந்தச் சாய்வின் சாயல். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூல்கண்டு தொங்கும், வழக்கமாகத் தட்டையாகப் பின்னிப் பின்னால் தையல் போடுவார்கள். வந்ததும் அந்தத் தையலைக் குதிகால்வரை விரலால் தடவிப் பாருங்கள். நெருடினால் அது ஷூவுக்குள் கொப்புளமாகும்.

கேள்வி: குதிகால் கண்ணாடிபோல் மெலிந்துவிட்டது. புதிது வாங்குவதா?

பதில்: வேண்டாம். கம்பளி தேய்ந்து நைலான் வலை மட்டும் தெரியும் நிலைதான் ஒட்டுவேலைக்குச் சரியான நேரம். மிச்சம் வைத்த அதே நூலை மொட்டை ஊசியில் கோத்து, கண்ணி போன வழியிலேயே ஊசியை விடுங்கள், மெலிந்த இடத்தைத் தாண்டி நாலு கண்ணி நல்ல இடத்திலும். இழுத்துக் கட்டாதீர்கள், சுருங்கினால் காலில் குத்தும். பிறகு 30 டிகிரியில், கம்பளிக்கான சுற்றில் துவைத்து, டிரையரில் போடாமல் படுக்கவைத்துக் காயவையுங்கள்.