ஜேம்ஸ்டவுன்: வான்டைப் பூட்டி வைக்காதீர்கள்

கப்பலை ஓட்டி எதிரிகளைச் சுடும் ஜேம்ஸ்டவுன் வீடியோ கேமில், கவசமும் கூடுதல் சுடுபலமும் தரும் ‘வான்ட்’ (Vaunt) மீட்டரை, கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸுக்கென்று பத்திரமாகச் சேர்த்து வைத்தும், பாதி வழியிலேயே கப்பல் வெடித்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிக்கலே அந்தச் சேமிப்புதான் நண்பரே.

பழைய ஆர்கேட் ஷூட்டர்களில் திரையையே துடைக்கும் வெடிகுண்டுகளை எண்ணி நாலுதான் தருவார்கள். ஆபத்துக்கென்று கஞ்சத்தனமாக வைத்திருப்போம். நானும் அப்படி வைத்திருந்து, ஒன்றைக்கூடப் போடாமல் செத்த நாள்கள் உண்டு! 2011இல் வந்த இந்த விளையாட்டு அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. எதிரிகள் உதிர்க்கும் தங்கத்தைப் பொறுக்கினால் மீட்டர் நிறையும். நிறைந்ததும் வான்ட் பொத்தானை அழுத்துங்கள்: சில நொடி கவசம் எதிரிகளின் குண்டுகளை விழுங்கும், அது போன பிறகும் உங்கள் சுடுபலமும் புள்ளிகளும் கூடுதலாகவே இருக்கும். அந்த நேரத்தில் மேலும் தங்கம் எடுத்தால் வான்ட் நீளும். ஆகவே திரையின் அடியில் பதுங்காமல் முன்னேறிப் பொறுக்குங்கள்.

அப்புறம், கப்பல் முழுவதும் அடிபடாது, நடுவில் உள்ள சின்னப் பகுதி மட்டும்தான். கண்ணை அதில் வையுங்கள். நீங்கள் எடுத்தது ஒளிக்கற்றை பாய்ச்சும் பீம் கப்பல் என்றால் கற்றையைச் சுடும்போது வேகம் குறையும். நெருக்கமான குண்டுகளுக்கிடையே நுழைய அதுவே வசதி.