பச்சை எல்லாம் ஒரே பச்சைதானா?

கேள்வி: செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு காடு, புல்வெளி, பாலைவனம் முதலிய பல்லுயிர்த் தொகுதிகளை எவ்வாறு பிரித்தறிகிறார்கள்? எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிகின்றன.

பதில்: கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ள, இலையின் உள்ளமைப்போ நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் அகச்சிவப்பு, சிவப்பு ஒளி அளவுகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் தாவரக் குறியீட்டெண், அடர்ந்த மழைக்காட்டில் 0.8-ஐ ஒட்டியும் வெறும் மணற்பரப்பில் 0.1-ஐ ஒட்டியும் அமையும்.

ஆயினும் ஒரு நாள் எடுத்த படம் போதாது என்பதை அழுத்திச் சொல்வேன். அமேசான் மழைக்காட்டின் பசுமை ஆண்டு முழுவதும் குன்றுவதில்லை. மரங்கள் அங்கங்கே நிற்கும் புல்வெளியான ஆப்பிரிக்க சவானாவோ மழைக்குத் தளிர்த்து வறட்சியில் பழுப்பேறுகிறது. 1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் என்ற புவிநோக்குச் செயற்கைக்கோள் தொடங்கிச் சேர்ந்துவரும் படங்களில் இந்தச் சுழற்சியைத்தான் படிக்கிறோம்.

இதிலும் இடறல் உண்டு. கிழக்குச் சைபீரியாவின் லார்ச் மரங்கள், ஊசியிலை மரங்களாக இருந்தும், குளிர்காலத்துக்கு முன் இலைகளை உதிர்த்துவிடுவதால், அந்த டைகா காடு, அதாவது வடகுளிர்ப் பகுதியின் ஊசியிலைக் காடு, படத்தில் இலையுதிர் காட்டைப் போலவே தோன்றும். வெப்பநிலைத் தரவையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஐயம் தீரும்.

நுண்ணிய படமானால் நில அமைப்பே துணைக்கு வரும். மரங்களற்ற குளிர்நிலமான ஆர்க்டிக் தூந்திரப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: உறைந்த மண் வெடித்து உண்டான பலகோணக் கட்டங்கள், நடுவில் தேங்கிய நீருடன், தேன்கூட்டைப் போல விரிந்து கிடக்கும்.