குடுமி களைந்த பிறகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மல்யுத்தம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஜப்பானிய மல்யுத்தமான சுமோவில் 45 பட்டங்கள் வென்ற மங்கோலியர் ஹகுஹோ, 2025 ஜூனில் சுமோ சங்கத்தை விட்டே விலகிவிட்டார் என்று படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹவாயிலிருந்து வந்த அகேபோனோ 54 வயதில் இறந்துபோனார். வெளிநாட்டிலிருந்து பையன்களைக் கூட்டிவந்து, உடம்பில் வலு இருக்கும்வரை ஆடவைத்து, பிறகு கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓய்வுக்குப் பிறகு இவர்கள் என்ன ஆகிறார்கள்? இது இனவெறுப்பு இல்லாமல் வேறென்ன?

மா., தஞ்சாவூர்

அன்புள்ள மா.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் எல்லாரையும் கறிவேப்பிலை என்று சொல்லிவிட்டால் டகாமியாமாவை எங்கே வைப்பது?

ஹவாயின் மௌயி தீவில் பிறந்தவர் அவர். 1964-இல் ஜப்பானுக்கு வந்து டகாசாகோ பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். தொண்டையில் பட்ட அடியால் குரல் கடைசிவரை கரகரத்தே இருந்தது. 1972 ஜூலையில் சுமோவின் உச்சப் பிரிவில் பட்டம் வென்றார். வெளிநாட்டவர் ஒருவர் அங்கே வென்றது அதுவே முதல்முறை. அதிபர் நிக்சனின் வாழ்த்துக் கடிதத்தை அரங்கிலேயே வாசித்தார்கள். நாற்பது வயதை நெருங்கும்வரை ஆடி, 1984-இல் ஓய்வு பெற்று, 1986-இல் அசுமாசெகி என்ற சொந்தப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பிறகு ஹவாயிலிருந்து கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு நெட்டைப் பையனைக் கூட்டிவந்து சேர்த்தார். 1993-இல் யோகோசுனா என்ற சுமோவின் உச்சநிலைக்கு உயர்ந்த முதல் வெளிநாட்டவரான அகேபோனோ அந்தப் பையன்தான். 65 வயதில், விதிப்படி ஓய்வு பெறும்வரை டகாமியாமா அங்கே ஆசிரியராகவே இருந்தார். அவரை யாரும் ஒதுக்கிவிடவில்லை.

ஆனால் அதற்கு அவர் ஒரு விலை கொடுத்தார். சங்கத்தில் ஆசிரியராகத் தொடர வேண்டுமானால் ஜப்பானியக் குடியுரிமை வேண்டும் என்ற விதி 1976-இல் வந்தது. டகாமியாமா பட்டம் வென்று நான்கே ஆண்டுகளில் வந்த விதி என்பதைக் கவனியுங்கள். 1980-இல் அவர் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, சட்டப்படி வதனபே டைகோரோ ஆனார்.

குடியுரிமை மட்டும் போதாது. ஆசிரியராகச் சங்கத்தின் ஆசிரியப் பெயர் ஒன்றும் கையில் வேண்டும். அவை மொத்தம் 105. பழைய வீரர்களின் பெயர்கள் அவை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. ஒருவர் விலகினால்தான் இன்னொருவர் நுழைய முடியும். ஒரு காலத்தில் அவை பெருந்தொகைக்குக் கைமாறின. ஓய்வுபெற்ற யோகோசுனா தன் ஆட்டப் பெயரிலேயே ஐந்து ஆண்டுகள் ஆசிரியராக நீடிக்கலாம், அதற்குள் ஒரு பெயரைத் தேடிக்கொள்ள வேண்டும். அகேபோனோவின் கதையை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். அவரிடம் குடியுரிமை இருந்தது, 1996-லேயே வாங்கிவிட்டார். 2001-இல் ஓய்வு பெற்று, அந்தச் சலுகைக் காலத்தில் ஆசிரியராக இருந்தார். 2003-இல் அதைக் கைவிட்டுக் குத்துச்சண்டையும் உதையும் கலந்த கே-1 போட்டிக்குப் போனார். அந்த ஆண்டின் கடைசி இரவில், நகோயாவில், பாப் சாப் என்ற அமெரிக்கர் முதல் சுற்றிலேயே அவரை வீழ்த்தினார். முழங்கால்கள் ஏற்கெனவே போய்விட்ட மனிதர் அகேபோனோ. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் யோகோசுனாவாகக் களமேறிச் சடங்கு செய்தவரை அப்படிக் குப்புறக் கிடக்கப் பார்த்ததை என்னால் இன்றும் செரித்துக்கொள்ள முடியவில்லை. அதன்பின் தொழில்முறை மல்யுத்தம், 2017-இல் உடல்நலம் முற்றிலும் சீர்குலைந்தது, நீண்ட படுக்கை.

ஓய்வு என்பது சுமோவில் உடம்பிலேயே நிகழும் ஒன்று. பெரிய வீரர்களுக்குக் குடுமி களையும் சடங்கு டோக்கியோவின் ரியோகோகு அரங்கில் நடக்கும். வீரர் களத்தின் நடுவே மரபுடையில் அசையாமல் அமர்ந்திருப்பார். நடுவர் தங்க முலாம் பூசிய கத்தரியை ஏந்தி நிற்பார். நண்பர்கள், புரவலர்கள், பழைய எதிராளிகள் என்று நூற்றுக்கணக்கானோர் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்று ஓரிரு இழைகளை மட்டும் வெட்டிவிட்டு நகர்வார்கள். மணிக்கணக்கில் நீளும். கடைசி வெட்டு ஆசானுடையது. குடுமி முழுதாகக் கையோடு வந்துவிடும். பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் வீரர்கள் உடைந்து அழுகிறார்கள். பெண்கள் களத்தில் ஏறக்கூடாது என்பதால் பெற்ற தாயும் மனைவியும் மேலே வர முடியாது. பதினைந்து பதினாறு வயதில் மகனைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு, அவன் குடுமி இறங்குவதைக் கீழே உட்கார்ந்து பார்க்கும் தாயை நினைத்துப் பாருங்கள்.

இனி ஹகுஹோ. 2000-இல் மங்கோலியாவிலிருந்து வந்தபோது அவருக்கு வயது 15, எடை 62 கிலோ. எந்தக் கூடமும் அவரை விரும்பவில்லை. ஊர் திரும்ப வேண்டிய கடைசி நேரத்தில், மங்கோலிய வீரர் ஒருவர் பரிந்து பேசியதால் மியாகினோ கூடம் சேர்த்துக்கொண்டது. அவருடைய தந்தை முங்க்பாத் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மங்கோலியாவுக்கு மல்யுத்த வெள்ளி வென்றவர். அந்த நாடே கொண்டாடிய மனிதர். அவர் மகன் மங்கோலியக் குடியுரிமையைத் துறப்பது என்பது வெறும் காகித வேலையா? தந்தை 2018-இல் மறைந்தார். 2019-இல் ஹகுஹோ ஜப்பானியரானார்.

அவ்வளவும் கொடுத்தபின் நடந்தது உங்களுக்குத் தெரியும். மியாகினோ கூடம் அவர் கைக்கு வந்தது. அங்கே ஒரு சீடன் இளைய வீரர்களை அடித்துத் துன்புறுத்தியது 2024-இல் வெளிவந்தது. ஹகுஹோவைப் பதவியிறக்கினார்கள்; கூடத்தையே மூடி, இசெகஹாமா கூடத்தோடு சேர்த்தார்கள். ஓராண்டு பொறுத்தார், பிறகு விலகினார்.

இதில் அவர்மேல் பிழையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கூடத்தில் ஒரு சிறுவன் அடிவாங்கினால் ஆசான்தான் பொறுப்பு. அடி உதையில் ஊறிய அந்த விளையாட்டில் இப்போதாவது தண்டனை வருகிறதே என்று நான் மகிழ்கிறேன். ஆனால் குற்றத்துக்குத் தண்டனை என்றால் அதற்கு ஒரு முடிவு தேதி இருக்க வேண்டும். கூடம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனவே 'இனவெறுப்பு' என்ற உங்கள் சொல்லை நான் ஏற்கத் தயங்குகிறேன். பல்கேரியரான கோட்டோஓஷு நருதோ கூடத்தை நடத்துகிறார். அமெரிக்க சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த முசாஷிமாரு, முசாஷிகாவா கூடத்தை நடத்துகிறார். சிறுநீரகம் பழுதானபோது அவருடைய ஜப்பானிய மனைவி தன் சிறுநீரகத்தைத் தந்து காப்பாற்றினார். கதவு திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே வர விரும்புகிறவன் பிறந்த நாட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லாதது அதுதான். ஆடுவதற்குத் தேவைப்படாத குடியுரிமை, கற்றுத்தருவதற்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது? ஆட்டத்துக்கு முன் சடங்காகக் களத்தில் உப்பைத் தூவியபோது அவன் அந்நியன் இல்லையே.

திரும்பிப் போனவர்களையும் கேட்டிருந்தீர்கள். மங்கோலிய யோகோசுனா அசாஷோர்யு குடியுரிமை மாறாமல் 2010-இல் விலகி, மங்கோலியாவில் தொழிலதிபரானார். இன்னொரு மங்கோலிய யோகோசுனாவான ஹருமாஃபுஜி, தலைநகர் உலான்பாதரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். எஸ்டோனியாவின் பரூட்டோ 2019-இல் தன் நாட்டு நாடாளுமன்றத்துக்கே போனார். இவர்களுக்காக நான் பெரிதாக வருந்தவில்லை. உச்சிக்கு வராமலே திரும்பியவர்களுக்காகத்தான் வருந்துகிறேன். சுமார் 600 வீரர்களில் மேல் இரண்டு பிரிவுகளில் இருக்கும் 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். அதற்குக் கீழே சில ஆண்டுகள் ஆடி, முழங்காலை இழந்து ஊர் போன வெளிநாட்டுப் பையன்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

அசாஷோர்யுவின் சகோதரர் மகன் ஹோஷோர்யு 2025-இல் யோகோசுனா ஆகியிருக்கிறார். போர் மூண்ட 2022-இல் உக்ரைனிலிருந்து ஜப்பானுக்கு வந்த ஆவோநிஷிகி விறுவிறுவென்று மேலேறிக்கொண்டிருக்கிறார். 1976-இன் விதி அப்படியே இருந்தால், நாளை கற்றுத்தர விரும்பும்போது அந்த இளைஞன், தன் நாடு குண்டுகளுக்கிடையே காத்துவரும் குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். சங்கத்துக்கு இன்னும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் அந்த விதியை எடுத்துவிட வேண்டும்.