மகள் காலநிலை ஆராய்ச்சிக்குப் போகலாமா? அம்பாசமுத்திரத்து அண்ணாச்சிக்குப் பதில்

அண்ணாச்சி,

உங்கள் மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம். பி.எட். முடித்துப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் போதும் என்பது உங்கள் கணக்கு. காலநிலை மாற்ற ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்பது அவள் பிடிவாதம். "அதெல்லாம் படிச்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். எந்த வாசல் வழியாக நுழைகிறாள் என்பதைப் பொறுத்துச் சீக்கிரமோ தாமதமோ ஆகும்.

முதலில், அவள் இயற்பியலை விட்டு மாற வேண்டாம். 'காலநிலை', 'சுற்றுச்சூழல்' என்று பலகை மாட்டிய இளநிலைப் படிப்புகள் நிறைய வந்துவிட்டன. கணக்கு அதிகம் இல்லாத படிப்பில் சேர்ந்தவர்கள், பிறகு வளிமண்டல அறிவியல் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கும்போதுதான் விழிக்கிறார்கள். பட்டப்படிப்பில் கணிதமும் இயற்பியலும் உண்டா என்று அங்கே கேட்பார்கள். இயற்பியல், கணிதம், புள்ளியியல், வேளாண்மை, பொருளியல் என்று ஏதாவது ஒன்றில் காலை ஊன்றிக்கொண்டு, முதுநிலையிலோ முனைவர் பட்டத்திலோ காலநிலைக்குள் நுழைவதே உறுதியான வழி. உங்கள் மகள் சரியான இடத்தில்தான் இருக்கிறாள்.

காலநிலை ஆராய்ச்சி என்பது ஒரே வேலை இல்லை. 1988-இல் அமைக்கப்பட்ட ஐபிசிசி என்ற காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு இதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: இயற்பியல் அடிப்படை, பாதிப்புகளும் தகவமைப்பும், பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தைக் குறைத்தல். நம் ஊர் உதாரணத்தோடு பார்த்தால் உங்களுக்குப் புரிந்துவிடும். 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. முதல் பிரிவுக்காரர், குமரிக்கடல் பக்கம் இருந்த காற்றுச் சுழற்சி ஏன் நகராமல் நின்றது என்று பார்ப்பார். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்தக் கூடுதலுக்கு இந்த மழையில் என்ன பங்கு என்று கணக்குப் போடுவார். ஒரு பெருமழையைக் காட்டி 'இதோ காலநிலை மாற்றம்' என்று சொன்னால் ஆராய்ச்சியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பசுமைக்குடில் வாயு ஏறிய உலகத்தையும் ஏறாத உலகத்தையும் கணினி மாதிரியில் பலமுறை ஓட்டி, இப்படிப்பட்ட மழையின் வாய்ப்பு எத்தனை மடங்கு மாறியது என்று காட்ட வேண்டும்.

இரண்டாம் பிரிவுக்காரருக்குக் கேள்வி வேறு. எந்தக் குளம் எந்த இடத்தில் உடைந்தது, அதன் உபரிநீர்க் கால்வாய் எங்கே அடைபட்டிருந்தது, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டான மருதூர், ஸ்ரீவைகுண்டம் பாசனத்தில் பிசானப் பருவ நெல்லும் வாழையும் என்ன ஆயின? பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் திறக்கும் விதிமுறை, பயிர்க் காப்பீட்டுக் கணக்கு எல்லாம் இதற்குள் வரும். மூன்றாவது பிரிவு கயத்தாறு, ராதாபுரம் பக்கம் சுற்றும் காற்றாலையில் ஆரம்பித்து மின்கட்டணம், கரிமச் சந்தை வரை போகும். கொள்கை ஆராய்ச்சி என்று தனியாக ஒரு அறை கிடையாது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அது கலந்தே கிடக்கிறது. இயற்பியல் மாணவிக்கு முதல் பிரிவும், மூன்றாவதில் காற்று-சூரிய மின்சாரப் பகுதியும் இயல்பாகப் பொருந்தும்.

வீட்டில் உயிரியல் படிக்கும் பிள்ளை வேறு இருந்தால் அதற்கு வழி தனி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளை ஆராயும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், மீன்வளக் கல்லூரி, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி என்று எல்லாம் கைக்கெட்டும் தூரம். பொருளியல் பிள்ளைக்குச் சென்னைப் பொருளியல் பள்ளியில் சுற்றுச்சூழல் பொருளியல் உண்டு. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை மழைக்காடு, மழைமறைவுச் சமவெளி, செம்மணல் தேரி, பவளப்பாறை எல்லாம் இத்தனை நெருக்கமாகக் கிடைக்கும் ஆய்வுக்களம் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது.

மகளுக்கு அடுத்த படி எம்.எஸ்சி. இரண்டு பாதை இருக்கிறது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வில் இயற்பியல் தாள் எழுதி ஐ.ஐ.டி. ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வளிமண்டல-பெருங்கடல் மையம், ஐ.ஐ.டி. மும்பையின் காலநிலைப் பிரிவு போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்குப் போவது ஒன்று. நேரே வானிலையியல் எம்.எஸ்சி. படிப்பது இன்னொன்று. அதற்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பழைய, நல்ல இடம். பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் அம்பாசமுத்திரத்திலிருந்தே எர்ணாகுளம் போய்விடலாம். தொலைவில் இருக்கும் புனே என்றால் பயப்படும் அம்மாக்கள் கொச்சிக்குச் சம்மதிப்பதுண்டு.

இதில் ஒரு சிக்கலை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு மனம் மாறி முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம் என்று நினைத்தால், வானிலையியல் எம்.எஸ்சி.யை இயற்பியலுக்கு இணையாக ஏற்காமல் போகலாம். பள்ளிக்கூட வேலைக்கும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்றால் எம்.எஸ்சி. இயற்பியலாகவே இருக்கட்டும். பி.எட். எங்கும் ஓடிவிடாது, எம்.எஸ்சி.க்குப் பிறகும் சேரலாம்.

இனி பணம். சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் என்ற தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை, வீட்டு வாடகைப்படி தனி. அவள் இயற்பியல் தாளும் எழுதலாம், 'புவி, வளிமண்டலம், பெருங்கடல், கோள் அறிவியல்' தாளும் எழுதலாம். முனைவர் பட்டச் சேர்க்கைக்கு உதவும் இன்னொரு தேர்வான கேட்டில், பொறியியல் அறிவியல் தாளுக்குள் வளிமண்டல-பெருங்கடல் பகுதி இருக்கிறது.

நெட் சான்றிதழைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2024 முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும். மூன்றாவதில் 'பாஸ்' என்று சந்தோஷப்பட்டுச் சேர்ந்துவிட்டு, உதவித்தொகை எங்கே என்று தேடுகிறவர்கள் உண்டு. அதில் உதவித்தொகை கிடையாது. அதேபோல் ஒரு பேராசிரியரின் திட்டப்பணத்தில் சேர்ந்தால், திட்டம் முடிகிற அன்று சம்பளமும் நின்றுவிடும். மிச்ச வருஷத்துக்கு என்ன ஏற்பாடு என்று சேரும்போதே கேட்கட்டும். முனைவர் பட்டத்துக்கு விதிப்படி குறைந்தது 3, அதிகபட்சம் 6 வருஷம். இந்தத் துறையில் நாலரை, ஐந்து ஆவது சாதாரணம். எம்.எஸ்சி. முடித்த கையோடு ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டால் அவள் உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். வாங்காமல் சேர்ந்தால் கட்டணமும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஜே.ஆர்.எஃப். அல்லது அதற்கு ஈடான உதவித்தொகை இல்லாமல் பதிவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டியின் பெயர் முக்கியம். சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பேராசிரியரின் பழைய மாணவர்கள் எழுதியதை இரண்டு எடுத்து அவள் படிக்கட்டும். எல்லா ஆய்வேடும் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிய ஒரே கணக்காக இருந்தால் விலகிவிடுவது நல்லது. பணி ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக்கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதி. பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பேர்தான் உச்ச வரம்பு. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். பிறகு வேலை நேர்காணலில் அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

இந்தப் பகுதியை மகளிடம் கொடுங்கள். மூன்றாம் வருஷப் பிராஜெக்டுக்கு நம் மாவட்ட மழையையே எடுத்துக்கொள்ளலாம் அம்மா. நாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வானிலைத் துறை தரும் தினசரி மழைத்தரவு 1901 முதல் 0.25 டிகிரி அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் பக்கம் ஒரு கட்டம் ஏறத்தாழ 27, 28 கிலோமீட்டர். ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டில் கொட்டுகிற மழையும் கீழே காய்கிற சமவெளி மழையும் அடுத்தடுத்த கட்டங்களில் ஒன்றோடொன்று கலந்துவிடும். காயல்பட்டினத்து 95 செ.மீ. அந்தக் கட்டத்தில் அப்படியே தெரியாது, பரவிக் குறைந்துதான் தெரியும். அதனால் மழைமானி நிலையத் தரவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

தரவு இல்லாத இடத்தில் மழைக்கோப்பில் மைனஸ் 999 என்றும் வெப்பநிலைக் கோப்பில் 99.9 என்றும் இருக்கும். மைனஸ் கண்ணில் பட்டுவிடும். கடல் மேல் விழும் கட்டத்தின் 99.9-ஐச் சேர்த்துச் சராசரி எடுத்தால், திருநெல்வேலி வெயில் உலகச் சாதனை படைக்கும்.

ஐரோப்பிய வானிலை மையம் கணினி மாதிரி வழியே உருவாக்கிய இ.ஆர்.ஏ.5 தரவை ஒப்பிட எடுத்தால் மூன்று இடத்தில் சறுக்கும். மழை மீட்டரில் இருக்கும், ஆயிரத்தால் பெருக்க வேண்டும். வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15-ஐக் கழிக்க வேண்டும். இவை இரண்டும் சுலபம். மூன்றாவது நேரம். அது கிரீன்விச் நேரப்படி மணிக்கணக்காக வரும். நம் வானிலைத் துறைக்கு மழைநாள் என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை, முடிகிற நாளின் தேதியில் பதிவாகும். 17-ஆம் தேதி பகலெல்லாம் பெய்த மழை 18 என்று நிற்பது அதனால்தான். கிரீன்விச் நேரம் 3 மணியில் நாளை வெட்டிக் கூட்டினால்தான் இரண்டும் பொருந்தும். இதைக் கவனிக்காமல், 'மாதிரி தவறு' என்று முடிவு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாடு முழுக்கப் பதிவிறக்கவும் வேண்டாம், மடிக்கணினி திணறிவிடும். அட்சரேகை 8 முதல் 9.5, தீர்க்கரேகை 77 முதல் 78.5 வரை வெட்டி எடுத்தால் நம் தென் மாவட்டங்கள் அடங்கிவிடும். 16 ஜிபி நினைவகமும் பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்அரே, பாண்டாஸ் என்ற தரவுக் கருவிகளின் பழக்கமும் போதும்.

பத்து வருஷ மழையை வைத்துக்கொண்டு காலநிலை மாறிவிட்டது என்று எழுதாதே. குறைந்தது 30 வருஷம் வேண்டும். இப்போதைய வழக்கமான ஒப்பீட்டுக் காலம் 1991-2020. 2023 மாதிரி ஒரு வருஷம் வரிசையின் கடைசியில் நின்றால் சாதாரண நேர்கோடு மேலே இழுபட்டுவிடும். போக்கைக் கணிக்கும் சென் சாய்வும், போக்கு உண்மையா என்று பார்க்கும் மான்-கெண்டல் சோதனையும் அந்த இழுப்புக்கு அவ்வளவாக மசியாது. ஆனாலும் அடுத்தடுத்த மதிப்புகளுக்குள் தொடர்பு இருந்தால், மான்-கெண்டல் இல்லாத போக்கையும் இருப்பதாகக் காட்டும். அதைத் திருத்திய பிறகுதான் முடிவு. தென்மேற்குப் பருவத்தையும் வடகிழக்குப் பருவத்தையும் தனித்தனியாகப் பார். வருஷ மொத்தத்தில் ஒன்று குறைந்ததும் ஒன்று கூடியதும் சேர்ந்து மறைந்துபோகும்.

இனி வேலை, அண்ணாச்சி. வானிலைத் துறை, புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், ஹைதராபாத்தில் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், சென்னையில் கடல்சார் நிறுவனங்கள் என்று அரசு விஞ்ஞானிப் பணிகள் இருக்கின்றன. நிரந்தர இடங்கள் குறைவு, திட்டப்பணிகள் அதிகம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக்கே உரிய வேலை காற்றாலை முன்கணிப்பு. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், தவறினால் அபராதம். காற்றும் கணக்கும் தெரிந்தவர்களைத்தான் இதற்குத் தேடுகிறார்கள். தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாற்றிலேயே இருக்கிறது. பங்குச்சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை வெளியிட வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியதால் அந்தப் பக்கமும் ஆள் எடுக்கிறார்கள். அதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை, எம்.எஸ்சி. போதும். ஆராய்ச்சி பாதியில் கசந்துபோனாலும் இறங்கிக்கொள்ள இடம் உண்டு.

இந்த வருஷம் உங்கள் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால், தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் ஜாம், நெட் தேர்வுகளுக்குச் செல்லாது. மத்திய அரசு வடிவிலான ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும். அது நிதியாண்டுக் கணக்கில் பார்க்கப்படும், பழையதைக் கொடுத்தால் பொதுப்பிரிவில் தள்ளிவிடுவார்கள். ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். அவள் மூன்றாம் வருஷத்தில் கால் வைத்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ஆகஸ்டுக்குள் கையில் வாங்கி வைத்துவிடுங்கள். சான்றிதழில் இருக்கும் பெயரும் முதலெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று தாலுகா ஆபீஸை விட்டு வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.